ஆழிநாச்சியின் இடது கன்னம்

இந்தத் தாளில் மை ஊறுகிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்குத் தாளைத் தொட்டதும் விரல் அதன் தரத்தைச் சொல்லிவிடும். நான் வாயால் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். ஏட்டையா எழுதினால் ‘மேற்படி நபர்’ என்று எழுதுவார். இதில் மேற்படி நபர் என்று யாரும் கிடையாது. முத்துச்செல்வம் இருந்தான். என் மகள் சந்தனச்செல்வி இருந்தாள். நான் இருந்தேன்.

என் பெயர் மந்திரமூர்த்தி. வயது அறுபத்து மூன்று. பூர்வீகம் உடன்குடிப் பக்கம் செம்மணல் மேடான ஒரு தேரிக்காட்டு ஊர். தூத்துக்குடிக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. மனைவி சண்முகத்தாய் காலமாகிப் பன்னிரண்டு வருடம். மகளுக்கு இருபத்தேழு வயது. துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, கோபப்படுகிற வழக்கமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, ஓவிய மன்றம் நடத்திய நிகழ்ச்சி மேடையில் முத்துச்செல்வம் விழுந்தான். மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஒவ்வாமை, விபத்து என்று நீங்கள் கோப்பை மூடப்போகிறீர்கள். அன்று பலகாரம் கொண்டுவந்த சுடலைச்செல்வியை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தீர்கள். இறால் பொரித்த எண்ணெயில் உளுந்த வடையைப் போட்டு எடுத்திருப்பாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவள் கடை பூட்டிக் கிடக்கிறது. அவளுடைய வடையில் ஒரு குற்றமும் இல்லை. நான் இரண்டு தின்றேன். நன்றாக இருந்தது.

முத்துச்செல்வத்தைப் பதினோரு வயதிலிருந்து எனக்குத் தெரியும். கருவாட்டுக் கடை வீட்டுப் பையன். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது சட்டையிலிருந்தே அந்த வாடை அடிக்கும். மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்காருவார்கள். கை மட்டும் தெய்வம் கொடுத்த கை. ஒரு காக்காயை வரையச் சொன்னால் அது பறக்கப்போகிற நேரத்தை வரைவான். நான் அவனைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரச்சொல்லிக் கற்றுக்கொடுத்தேன். தாளை எப்படி நனைப்பது, வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்து விடும் கலர்ப் பூச்சு, காயும் முன் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது, எங்கே வெள்ளையை விட்டுவைப்பது என்று எல்லாம் சொன்னேன். வாட்டர்கலரில் வெள்ளை நிறம் என்று தனியாக எடுத்துப் பூசக்கூடாது. தாளின் வெள்ளைதான் வெள்ளை. பிரஷ் முனை ஊசிபோல வேண்டுமென்றால் உதட்டுக்கு நடுவில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்று என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கண்ட கண்ட கலரை நக்கலாமா என்று சண்முகத்தாய் சத்தம் போடுவாள். நான் பிசினும் கிராம்புத் தைலமும் போட்டு வீட்டிலேயே அரைத்த கலர்தானே என்பேன். அந்த வயதில் வந்த பழக்கம் கடைசிவரை போகவில்லை அவனுக்கு.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் மத்தியானம், பக்கத்துப் பையன் கொண்டுவந்த இறால் தொக்கில் ஒரு வாய் தின்றுவிட்டு உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். நான்தான் என் வண்டியில் முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை சார் என்றார் டாக்டர். கருவாட்டுக் கடைக்காரன் பிள்ளைக்கு இறால் ஆகாது. அதனாலேயே அவன் அப்பா பிறகு அவனைக் கடைப்பக்கம் விடவில்லை, அவனும் படம் வரைகிற பக்கமே போனான். அவன் உயிரை ஒரு தடவை நான் காப்பாற்றியிருக்கிறேன் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவளைப் பார்த்திருக்கிறீர்கள், பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பினீர்கள். நான் கவனித்தேன். தப்பாக நினைக்கவில்லை, எல்லாரும் அப்படித்தான். பிறக்கும்போதே அவளுக்கு அந்தக் கறை இருந்தது. இடது நெற்றிப்பொட்டில் தொடங்கி, கண்ணைச் சுற்றி, கன்னம் முழுக்க இறங்கி, கழுத்து வரை, நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி. மதுரைக்குக் கூட்டிப்போய் ஒளி வைத்துச் சுட்டுப் பார்த்தோம். பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவைக்கு அவள் வர மாட்டேன் என்றாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. சரி என்று விட்டுவிட்டு, வேறு வழியில் காப்பாற்றினேன். தெருவில் நடந்தால் நான் எப்போதும் அவளுக்கு இடது பக்கம் நடப்பேன். பஸ்ஸில் இடது ஓர ஜன்னல் பிடித்துக் கொடுப்பேன். பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் அவளை எங்கே நிறுத்துவது என்று போட்டோக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைப்பேன். துப்பட்டாவை இடது பக்கம் எடுத்துக் குத்திக்கொள்ளப் பழக்கினேன். கொரோனாவுக்கு எல்லாரும் முகக்கவசம் போட்ட இரண்டு வருடம் எங்கள் வீட்டில் மிகவும் நிம்மதியான காலம்.

அவளை நான் நூறு படத்துக்கு மேல் வரைந்திருக்கிறேன். எல்லாம் வலது பக்கத்திலிருந்து.

சென்னைக்குப் போன முத்துச்செல்வம் சினிமாவில் சேர்ந்து, மாயாஜாலப் படங்களுக்கு உருவங்கள் வரைந்து கொடுக்கிறவனாக ஆனான். போன வருடம் வந்த அந்தக் கடல் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முத்துக் குளிக்கிற சலாபத்தைக் காவல் காக்கிற ஆழிநாச்சி. அவள் முகத்தின் இடது பாதியில் ஊதா நிறத்தில் கடலின் வரைபடம் இருக்கும். அலை ஏறும்போது அது மினுங்கும். என் மகள் செல்விதான் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். “வாங்கப்பா, ஒரு ஆளக் காமிக்கேன்” என்றாள்.

முகம் யாரோ ஒரு நடிகையுடையது. கறை என் மகளுடையது. நெற்றிப்பொட்டில் அந்த முதல் வளைவு, கண்ணுக்குக் கீழே தீவு மாதிரி விட்டுப்போன ஒரு துண்டுத் தோல், தாடையில் இரண்டாகப் பிரிந்து இறங்குவது எல்லாம் அப்படியே. முப்பதடி உயரத்துக்கு. தியேட்டரே எழுந்து விசிலடித்தது. இருபத்தைந்து வருடம் நான் துப்பட்டாவாலும் சுவராலும் என் உடம்பாலும் மறைத்துவைத்ததைப் பார்த்து விசிலடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். செல்வி அழுதுகொண்டிருந்தாள். அவமானத்தில் அழுகிறாள் என்பது எனக்குப் பார்த்தவுடன் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முத்துச்செல்வம் ஊருக்கு வந்திருந்தபோது ஆறு ஞாயிற்றுக்கிழமை காலை உப்பளத்துப் பக்கம் போய் அவன் வரைய உட்கார்ந்திருக்கிறாள். சிநேகிதி வீட்டுக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு.

“அண்ணன் கேட்டாங்க, நான் சரின்னேன்” என்றாள். “என் முகந்தானப்பா.”

“ஊரு சிரிக்கும்ளா.”

“ஊரு எங்க சிரிச்சிச்சு? நீங்கதான் சிரிக்காங்க சிரிக்காங்கன்னு சொல்லுதீங்க. நான் பொறந்ததுலருந்து சொல்லுதீங்க.”

அவளுக்குச் சினிமா மயக்கம் என்று விட்டுவிட்டேன். ஆனால் மறுநாள் அவள் துப்பட்டாவைக் குத்தாமல் ஆபீசுக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். சந்தையில் ஒரு அண்ணாச்சி என்னைப் பார்த்து, “ஆழிநாச்சியோட அப்பாவா நீங்க? சொல்லவே இல்லியே சார்” என்று கருவேப்பிலையைச் சும்மா கொடுத்தார். எங்கள் தெருவில் பொம்பளைப் பிள்ளைகள் இடது கன்னத்தில் ஊதா மை பூசிக்கொண்டு விளையாடினார்கள். ஒருத்தி கேட்டைத் திறந்து உள்ளே வந்து, “அக்கா இருக்காங்களா, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா” என்று கேட்டாள். ஏழு வயது இருக்கும். நான் அவள் முகத்தை ஈரத்துண்டால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். கொஞ்சம் அழுத்தித் துடைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் அம்மா வந்து கேட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. அந்த மை சீக்கிரம் போகவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அந்த நோட்டீஸ் வந்தது. ‘ஆழிநாச்சியை வாட்டர்கலரில் படிப்படியாக வரைவோம். வரைந்து காட்டுபவர்: முத்துச்செல்வம். முன்னிலை: அவருடைய ஆசான் மந்திரமூர்த்தி.’ அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘ஆழிநாச்சிக்கு முகம் தந்த நம் ஊர் சந்தனச்செல்வி மேடையில் அமர்கிறார்.’ மன்றத்துச் செயலாளர் சிவபாலன் பழைய பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டியிருந்தார். நான் ஒரு போஸ்டர் முன்னால் நின்று முழுவதும் இரண்டு தடவை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

அன்று சாயங்காலம் செல்வியிடம் பேசினேன். மேடையில் உட்கார வேண்டாம் என்று நயமாகத்தான் சொன்னேன்.

“நூறு படம் வரைஞ்சீங்களேப்பா” என்றாள். அவள் குரலும் உயரவில்லை. என் மகள் அல்லவா. “அதுல ஒண்ணுலயாவது நான் இருக்கனா? பாதிப் பொம்பளதான் இருக்கா. மீதிய என்ன செய்தீங்க?”

“உன்னயக் காப்பாத்துனேன்.”

“யாருகிட்ட இருந்து?”

இதுவெல்லாம் அவளுடைய வார்த்தை இல்லை. அவனுடைய வார்த்தை. என் மகள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. உப்பளத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து அவளுக்குள் ஊற்றியிருக்கிறான். நனைந்த தாளில் கலரை விட்டால் அது எங்கே போகும், எங்கே நிற்கும் என்பது நம் கையில் இருக்காது. அவள் அந்த மாதிரித் தாள். அவன் அதைத் தெரிந்து செய்தான், நான் சொல்லிக்கொடுத்த வித்தையை வைத்தே.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்னால் அவன் வீட்டுக்கு வந்தான். காலில் விழுந்தான். காப்பி குடித்தான். “சார், நீங்க மேடையில இருந்தாத்தான் எனக்குக் கை ஓடும்” என்றான். இறால் இன்னும் ஆகாதா என்று நானாகத்தான் கேட்டேன். சிரித்தான். பையைத் திறந்து பேனா மாதிரி ஒரு ஊசியைக் காட்டினான். “இப்பம்லாம் வாடை பட்டாலே ஆகாது சார். இது எப்பமும் பையில கெடக்கும். தொடையில வச்சு ஒரு அமுக்கு, அம்புட்டுத்தான்.” எந்த உறையில் வைத்திருக்கிறான் என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

போகும்போது, “அந்தக் கிராம்பு வாசனக் கலரு இப்பமும் அரைக்கீங்களா சார்?” என்று கேட்டான்.

இல்லை, விட்டு ரொம்ப நாளாயிற்று என்றேன். உனக்காக ஒன்று அரைத்துத் தருகிறேன், ஊதா, என்றேன். அவன் கண் நிறைந்துவிட்டது. நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. கலரைக் கேட்டது அவன்.

கூனி இறால் கருவாட்டை அவன் அப்பா கடையிலேயே வாங்கினேன். “சார் வீட்டுக்கா” என்று அவர் ஒரு பிடி கூடப் போட்டார். இடித்து, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, குழம்பு மாதிரி வற்றும் வரை அடுப்பில் வைத்தேன். செல்வி ஆபீசில் இருந்தாள். அந்தக் குழம்பில்தான் ஊதாப் பொடியையும் பிசினையும் போட்டு அரைத்தேன். கிராம்புத் தைலத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாக விட்டேன். இல்லாவிட்டால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வெள்ளைச் சிப்பியில் ஊற்றி மூன்று நாள் நிழலில் காயவைத்தேன். நல்ல ஊதா. நான் அரைத்ததிலேயே நல்ல ஊதா அதுதான். விஷம் என்று எதையும் நான் தொடவில்லை. இந்த ஊரில் வாரம் நாலு நாள் எல்லா வீட்டிலும் கொதிப்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் நூறு பிள்ளைகளாவது இருக்கும். பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். செல்வி மேடையில் ஒரு நாற்காலியில், தலைமுடியை இழுத்துக் கட்டி, இடது முகம் கூட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தாள். மேலே ஒரு விளக்கு வேறு போட்டிருந்தார்கள். எத்தனை பேர் அவளைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. மேடையில் கேமரா, விளக்கு, வயர் என்று இடம் இல்லை. “ஒம் பையக் கொண்டா, ஓரமா வைக்கேன்” என்றேன். அவனே எடுத்து என் கையில் கொடுத்தான். மேடைக்குப் பின்னால் பேண்டு வாத்தியங்கள் போட்டுவைக்கும் அறை இருந்தது. பெரிய டிரம்முக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

பிறகு சிப்பியைக் கொடுத்தேன். அவன் அதை முகர்ந்து பார்த்து, மைக்கில், “இது எங்க சார் அரைச்ச கலரு. ஆழிநாச்சிக்குக் கன்னத்துல இந்த ஊதாதான்” என்றான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அவன் வேலை செய்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவ்வளவு சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கெட்டித் தாளைப் பலகையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி விறைப்பாக நிறுத்தியிருந்தான். பென்சில் கோடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. “அழுத்தாதீங்க பிள்ளைகளா, பிறகு அழிக்க முடியாது” என்றான். நான் சொல்லுகிற அதே வார்த்தை. பெரிய பிரஷ்ஷால் வெறும் தண்ணீரை விட்டுத் தாளை நனைத்தான். பின்னணிக்கு நீலமும் பச்சையும் விட்டு, பலகையைச் சாய்த்து ஓடவிட்டான். ஈரம் மினுங்கும்போதே ஒரு சிட்டிகை கல்லுப்பை இடித்துத் தூவினான். உப்பு கலரைத் தள்ளித் தள்ளி நுரை மாதிரிப் பூத்தது. பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். “நம்ம ஊரு உப்பு, நம்ம ஊரு கடலு” என்றான். பிறகு முகத்துக்கு மஞ்சளும் செம்மண் நிறமும் கலந்து ஒரே வாஷ். மூக்கு நுனியிலும் உதட்டிலும் காதில் தொங்குகிற முத்திலும் தாளின் வெள்ளையை விட்டுவைத்தான். கண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். அதுவரை அவன் தொட்டதெல்லாம் அவனுடைய கலர். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அவசரம் இல்லை.

முகம் காய்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷை எடுத்தான். சிப்பியில் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். செல்வியைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பிரஷ்ஷை உதட்டில் வைத்துச் சுழற்றினான்.

முதல் வளைவு நெற்றிப்பொட்டில். ஒரே இழுப்பு. மறுபடி சிப்பி, மறுபடி உதடு. கண்ணோரம் ஒரு கோடு. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ உதட்டைப் புறங்கையால் துடைத்தான். தொண்டையைச் செருமினான். “ஏசி கூடுதலா இருக்கு” என்று சிரித்தான். இன்னொரு கோடு போட்டான், கோடு கோணியது. அவன் கை கோணி நான் பார்த்ததே இல்லை. பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

நாற்காலியிலிருந்து முதலில் எழுந்து ஓடியது செல்வி. அவன் தரையில் சாய்ந்தான், தலையை மடியில் வாங்கினாள். முகம் வீங்க ஆரம்பித்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொடையில் குத்துகிற மாதிரிச் செய்துகாட்டினான். என்னைப் பார்த்துத்தான் செய்தான். அதற்கு அர்த்தம் எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் விசாரித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னேன். புரிந்தது.

“அப்பா, அண்ணன் பை எங்கப்பா? மருந்து இருக்கா அதுல?”

“பாக்கேன்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன். டிரம்முக்குப் பின்னால் பை வைத்த இடத்தில்தான் இருந்தது. ஒரு ஆர்மோனியப் பெட்டி கிடந்தது; அதில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே செல்வி கூப்பிடுவது கேட்டது. ஐந்து தடவை கூப்பிட்டாள். கடைசித் தடவை அப்பா என்று கூப்பிட்ட மாதிரி இல்லை, ஏதோ தெரியாத ஆளைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. பையைப் பழைய இடத்திலேயே வைத்தேன். வெறுங்கையோடு வெளியே வந்து, “காணலியேம்மா” என்றேன்.

அவனை வேனில் ஏற்றிய பிறகு சிவபாலன் உள்ளே போய்ப் பையைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு ஓடினார். அடுத்த நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “வயசாயிட்டு, பதட்டத்துல கண்ணு தெரியாது சார். மனச விட்டுறாதீங்க” என்று ஆறுதல் சொன்னார். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவன் அப்பாகூட.

அரங்கம் காலியானதும் நான் மட்டும் இருந்தேன். பலகையில் படம் அரைகுறையாக நின்றது. அப்படி விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. ஊதாக் கோடுகள் இன்னும் முழுக்க இறுகவில்லை. சுத்தமான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, கோட்டின் மேல் மெதுவாகத் தேய்த்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பொறுமை இருந்தால் வாட்டர்கலரில் பாதித் தப்பைத் திருத்திவிடலாம். பிறகு அதே மஞ்சளும் செம்மண்ணும் கலந்து கன்னத்தில் ஒரு வாஷ் கொடுத்தேன். இரண்டு கண்ணையும் வைத்தேன். சிப்பியைக் கழுவி வாளியில் போட்டேன். முகத்தில் ஒரு புள்ளி இல்லை. அதற்குப் பிறகுதான் சுடலைச்செல்வியின் வடையில் இரண்டு தின்றேன்.

நேற்று மன்றத்தில் அவனுக்கு இரங்கல் கூட்டம். ஆழிநாச்சியின் பெரிய படத்துக்குப் பக்கத்தில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். செல்வி முதல் வரிசையில் துப்பட்டா இல்லாமல் நின்றாள். மைக்கில், “என்னைய முழுசாப் பாத்த மொத ஆளு எங்க முத்து அண்ணன்” என்று சொன்னாள். கூட்டம் அழுதது. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நீங்கள் விபத்து என்று எழுதினால், அவன் செய்ததற்குப் பதிலே இல்லாமல் போய்விடும். விபத்தில் காரணம் இருக்காது. எனக்குக் காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் வந்தேன்.

ஆகவே சுத்தமாக எழுதுகிறேன்: முத்துச்செல்வத்தை நான்தான் கொன்றேன். தெரிந்து, பத்து நாள் யோசித்து, என் கையால் அரைத்த கலரில். மருந்தை மறைத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை. என் மகளுக்காகச் செய்தேன். அவளுக்கு இது தெரியாது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அன்று நான் திருத்தி எடுத்துவந்த படத்தைச் சட்டம் போட்டு அவளிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“யாருப்பா இது?”

“நீதாம்ளா.”

“அண்ணன் போட்ட கோடு எங்க?”

“எடுத்துட்டேன். உன்னய இவ்வளவு அழகா யாரும் வரைஞ்சதில்ல.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சந்தோஷம் மிஞ்சினால் அவளுக்குப் பேச்சு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இன்று காலை நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. துணிப்பையும் இல்லை, இரண்டு நாள் சிநேகிதி வீட்டில் இருந்துவிட்டு வருவாள். படத்தை மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டுப் போயிருந்தாள். வெயில் பட்டால் வாட்டர்கலர் வெளிறிவிடும் என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.